பேஜ்மேக்கர், டாங்கிள் எழுத்துரு, விண்டோஸ் 11: இப்பவே மாறணுமா, ஆடி வரைக்கும் பொறுக்கலாமா?

லலிதா_ஜாப்டைப்பிங்

எல்லாருக்கும் வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கணும்.

வந்தவாசியில பத்திர ஆபீஸ் பக்கத்துல சின்னக் கடை வச்சிருக்கேன். 1994ல டைப்ரைட்டிங் தமிழ் ஹையர் பாஸ் பண்ணிட்டு, மரத்தடியில மிஷினை வச்சு மனு அடிச்சவ நான். 2006ல நகையை வச்சு முதல் கம்ப்யூட்டர் வாங்கினேன். பக்கம் வடிவமைக்கற பேஜ்மேக்கர் 7 போட்டுக் குடுத்தாங்க, கூடவே ஒரு தமிழ் எழுத்துருத் தொகுப்பு. அந்தத் தொகுப்புக்கு ஒரு யூஎஸ்பி டாங்கிள் உண்டு. அதைச் சொருகினாத்தான் தமிழ் அடிக்கும், பிடுங்கினா எல்லாம் கட்டம் கட்டமா நிக்கும். கடையில வேலை பாக்கற பொண்ணு அதுக்குத் "தாலி"ன்னு பேரு வச்சிருக்கா. ராத்திரி கடை சாத்தும்போது தாலியைக் கழட்டிப் பீரோவுல வச்சுப் பூட்டிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன். தொகுப்பு வித்த கம்பெனி போனை இப்ப யாரும் எடுக்கறதில்ல.

இப்ப ரெண்டு சிஸ்டம் இருக்கு.

பழசு, 2014ல அசெம்பிள் பண்ணினது. ஐ3 நாலாம் தலைமுறை, 4 ஜிபி ராம். 2016ல இலவசமா குடுத்தப்ப விண்டோஸ் 7லேருந்து 10க்கு மாத்தினோம், 32 பிட். தாலி இதுலதான். கிரயம், தான செட்டில்மென்ட், பாகப்பிரிவினை, விடுதலைப் பத்திரம், மஞ்சள் நீராட்டுப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி போஸ்டர்னு பதினோராயிரம் ஃபைலுக்கு மேல கிடக்கு. அதெல்லாம் செத்த ஃபைல் இல்ல. அப்பன் வாங்கின நிலத்தைப் பிள்ளை விக்க வருவான், பழைய ஃபைலைத் திறந்து செக்குபந்தியை (நாலு பக்க எல்லையை) எடுத்துப் போடுவேன்.

புதுசு, 2019ல வாங்கினது. ஐ3 8100, 8 ஜிபி, 240 ஜிபி எஸ்எஸ்டி, விண்டோஸ் 10 64 பிட். பதிவுத்துறை இணையதளம், பட்டா சிட்டா, வில்லங்கம் எல்லாம் இதுல.

2025 அக்டோபர் 14ஓட விண்டோஸ் 10க்கு ஆதரவு முடிஞ்சுபோச்சுன்னு ரெண்டுலயும் வந்தாச்சு. புதுசுலயாவது 11 போடலாம்னு பாத்தா, "இந்தக் கம்ப்யூட்டருக்கு 11 ஆகாது"ன்னு சொல்லுது. இங்க ஒரு கடைக்காரர் ரெண்டையும் தூக்கிப் போட்டுட்டுப் புதுசா எடுங்கன்னு 38,000 சொல்றார். ஓசூர்ல இருக்கற பையன் லினக்ஸ் போடும்மாங்கறான். எனக்குத் தெரிஞ்சது பழைய தட்டச்சு முறை விசைப்பலகை ஒண்ணுதான். விரல் அதை விட்டு வேற எதுக்கும் வராது.

என்ன பண்ணட்டும்?

குரோம்பேட்டை_சர்வீஸ்

மேடம், 38,000த்தைப் பத்திரமா வையுங்க. ரெண்டு சிஸ்டத்தையும் ஒண்ணா போட்டுக் குழப்பிக்காதீங்க. அது வேற வைத்தியம், இது வேற.

புதுசு 11க்குத் தகுதியானதுதான். இன்டெல்ல எட்டாம் தலைமுறைதான் கோடு, உங்க 8100 கோட்டுக்கு உள்ள இருக்கு. 11 கேக்கறது 4 ஜிபி ராம், 64 ஜிபி இடம், டிபிஎம் 2.0 (சாவிகளைப் பூட்டி வைக்கற பாதுகாப்புப் பகுதி), யூஇஎஃப்ஐ (சிஸ்டம் எழும்பற புது முறை), செக்யூர் பூட் (எழும்பும்போது கள்ள நிரலை விடாத வசதி). டிபிஎம்னா தனிச் சில்லு வாங்கணும்னு சிலர் காசு பிடுங்குவாங்க. உங்க பிராசசரோடயே வர்றது உண்டு, பயாஸ்ல (சிஸ்டம் எழும்பும்போது திறக்கற அமைப்புப் பக்கம்) "பிடிடி"ன்னு பேரு, அந்தக் கால போர்டுல நிறைய அணைஞ்சே இருக்கும். அதை ஆன் பண்ணணும், அவ்வளவுதான்.

ரெண்டாவது சிக்கல், விண்டோஸை லெகசிங்கற பழைய முறையில ஏத்தியிருப்பாங்க. 2019ல கூட அசெம்பிள் பண்றவங்க பழக்கத்துல அப்படித்தான் ஏத்தினாங்க. டிஸ்க் எம்பிஆர்ங்கற பழைய பிரிப்பு முறையில இருந்தா, ஜிபிடிங்கற புது முறைக்கு மாத்தணும். விண்டோஸ் 10க்குள்ளயே எம்பிஆர்2ஜிபிடின்னு ஒரு கருவி இருக்கு, டேட்டா போகாம மாத்தும். வரிசை முக்கியம்: மொதல்ல டிஸ்கை மாத்தணும், அப்புறம்தான் பயாஸ்ல யூஇஎஃப்ஐக்குப் போகணும். தலைகீழா செஞ்சா சிஸ்டம் எழும்பாது, நீங்க அந்த 38,000காரர்கிட்டயே ஓடணும். எது செய்யறதுக்கும் முன்னாடி வெளி டிஸ்க்ல முழு பேக்கப், யூபிஎஸ் பேட்டரி நிக்குதான்னு ஒரு தடவை சோதனை. உங்க ஊர் கரண்டைப் பத்தி நான் சொல்ல வேண்டியதில்ல.

பழசை 11க்குக் கொண்டு போகவே முடியாது. நாலாம் தலைமுறைங்கறது ஒரு காரணம். அதைவிடப் பெரிசு, 11ல 32 பிட் பதிப்பே கிடையாது, 32 பிட் 10லேருந்து நேரா தாவவும் முடியாது. தாவினாலும் உங்க தாலி பிழைக்காது மேடம். 2006 காலத்து டாங்கிள் டிரைவர் 32 பிட்டா இருந்தா, 64 பிட் விண்டோஸ் அதை உள்ளேயே விடாது. சோதனையைத் தாண்டி 11 ஏத்தற குறுக்கு வழியெல்லாம் யூடியூப்ல கொட்டிக் கிடக்கு. அப்படி ஏத்தினதுக்கு அப்டேட் வரும்னு உத்தரவாதம் இல்லன்னு மைக்ரோசாஃப்டே சொல்லுது. சோறு போடற மிஷின்ல அந்த விளையாட்டு வேணாம்.

புதினா_பிரியன்

அக்கா, லினக்ஸ் மின்ட் போடுங்க, 4 ஜிபிலயே பறக்கும். வைரஸ் தொல்லை குறைவு, காசும் கிடையாது. நான் 2012 லேப்டாப்ல இன்னைக்கும் ஓட்டறேன்.

குரோம்பேட்டை_சர்வீஸ்

தம்பி, உங்க லேப்டாப்ல பேஜ்மேக்கரும் டாங்கிளும் இல்ல. ஆள் பாத்து மருந்து சொல்லணும்.

புதினா_பிரியன்

சரி அண்ணே. பட்டா சிட்டா பாக்கற மிஷினுக்காவது ஆகுமேன்னு சொன்னேன்.

நல்லூரான்

லலிதா அக்கா, நான் யாழ்ப்பாணம். இங்க அச்சகத்திலை பதினெட்டு வருசம் பக்கம் கட்டினனான். உங்கட பிரச்சினை விண்டோஸ் இல்லை, எழுத்துரு. அதை முதல் விளங்கிக்கொள்ளுங்கோ.

எங்கட பக்கம் பாமினி எண்ட பழைய எழுத்துருதான் எல்லாம். பாமினியிலை திரையிலை "அம்மா" எண்டு தெரியும். ஆனா கணினிக்குள்ளை கிடக்கிறது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் எண்ட ஆங்கில எழுத்துகள். எழுத்துருதான் அதுக்குத் தமிழ் முகமூடி போட்டுவிடுது. உங்கட தொகுப்பும் இந்த வகைதான், என்ன, முகமூடி வேறை. எழுத்துரு இல்லாட்டி உங்கட பதினோராயிரம் கோப்பும் வெறும் ஆங்கிலக் கிறுக்கல். பேஜ்மேக்கர் 7 வந்தது 2001இலை, யூனிகோட் தமிழ் (எந்தக் கணினியிலையும் தமிழாவே நிக்கிற பொதுக் குறியேற்றம்) அதுக்குத் தெரியாது. டாங்கிள் ஒருநாள் செத்துப்போனால் விண்டோஸ் எதெண்டாலும் ஒண்டுதான்.

அதாலை நான் சொல்லுறது: டாங்கிள் உயிரோடை இருக்கேக்குள்ளை முக்கியமான கோப்புகளை பிடிஎஃப் ஆக்கி வையுங்கோ. எழுத்துரு உள்ளுக்கை பதிஞ்சிருந்தால் எந்தக் கணினியிலையும் திறந்து அச்சடிக்கலாம். திருத்தேலாது, ஆனா பார்த்து அடிக்கலாம்.

யூனிகோடுக்கு மாத்திற மென்பொருள்கள் இருக்கு, என்எச்எம் கன்வெர்ட்டர், அழகி மாதிரி. உங்கட எழுத்துருக் குறியேற்றம் அதுகளுக்குத் தெரியுமோ எண்டு ஒரு பந்தியைப் போட்டுப் பாருங்கோ. ஆனா ஒரு சங்கதி. கலந்து அடிச்ச ஆங்கிலத்தையும் அது தமிழெண்டு நினைச்சு மாத்திப்போடும். இங்க "ஏ/எல்" எண்டு ஆங்கிலத்திலை அடிச்ச உயர்தரப் பரீட்சைப் பெயர் எத்தினை இணையதளத்திலை "யுஃடு" எண்டு கிடக்குது தெரியுமோ? பாமினியிலை சாய்கோடு இருக்கிற இடம் ஆய்த எழுத்து, அதுதான் காரணம். உங்கட காணிப் பத்திரத்திலை புல எண் 112/2ஏ எண்டு ஆங்கில ஏயோடை இருந்தால் "112ஃ2யு" மாதிரி வந்து நிக்கும். கலியாண அழைப்பிதழிலை வந்தால் சிரிச்சுப்போட்டு விடலாம். பத்திரத்திலை வந்தால் நீதிமன்றம்தான். மாத்தின ஒவ்வொண்டையும் கண்ணாலை ஒப்பு நோக்காமல் விடாதேங்கோ.

லலிதா_ஜாப்டைப்பிங்

நல்லூரான் தம்பி, படிச்சதும் வயித்தைக் கலக்கிடுச்சு. எனக்கு 112/2ஏ மாதிரி உட்பிரிவு இல்லாத பத்திரமே கிடையாது.

சர்வீஸ் தம்பிக்கு ஒரு கேள்வி. பழசை நெட்லேருந்து பிடுங்கிட்டா பத்திரம்தானே? விண்டோஸ் 7ஐ 2020 ஜனவரியில நிறுத்தினாங்க. பக்கத்துக் கடை ஜெராக்ஸ்காரர் அதுக்கப்புறமும் மூணு வருஷம் ஓட்டினார், ஒண்ணும் ஆகல. குரோம் புதுசு வராதுன்னு ஆனதும்தான் மாத்தினார்.

குரோம்பேட்டை_சர்வீஸ்

அவருக்கு அதிர்ஷ்டம். 2017 மே மாசம் வன்னாக்ரைன்னு ஒண்ணு உலகம் முழுக்கப் பரவிச்சே, அந்த ஓட்டையை அடைக்கற அப்டேட் ரெண்டு மாசம் முன்னாடி மார்ச்லயே வந்துடுச்சு. போடாம விட்டவங்க மாட்டினாங்க. இப்ப அந்த மாதிரி அப்டேட்டே தானா வராத நிலைமை உங்களுக்கு.

பழசுல நெட் வயரைப் பிடுங்கறது சரி. ஆனா உங்க கடைக்கு வைரஸ் நெட்ல வராது மேடம், வாடிக்கையாளர் பென்டிரைவ்ல வரும். திறந்தா ஃபைல் எல்லாம் ஷார்ட்கட்டா நிக்குமே, பாத்திருப்பீங்க. வெளிப் பென்டிரைவ் எதுவா இருந்தாலும் மொதல்ல புதுசுல சொருகி ஸ்கேன் பண்ணுங்க. அங்கேருந்து பழசுக்குப் போக உங்களுக்குன்னு தனியா ஒரு பென்டிரைவ், செவப்பு ரிப்பன் கட்டி வச்சுக்கங்க. வேற யார் கையிலயும் குடுக்காதீங்க.

பழசோட ஹார்ட் டிஸ்க் 2014துன்னா இந்த வாரமே அப்படியே ஒரு எஸ்எஸ்டிக்கு குளோன் போடுங்க. 11 வந்து உங்களை ஒண்ணும் பண்ணாது, அந்த டிஸ்க்தான் பண்ணும். முடிஞ்சா அதே தலைமுறை போர்டு ஒண்ணு செகண்ட்ஸ்ல வாங்கி அட்டைப்பெட்டியில போட்டு வையுங்க.

புதுசுக்கு அவசரம் இல்ல. விண்டோஸ் 10க்கு இன்னொரு வருஷம் பாதுகாப்பு அப்டேட் மட்டும் தர்ற திட்டம் இருக்கு, 2026 அக்டோபர் 13 வரைக்கும். 22எச்2 பதிப்பு இருக்கணும், மைக்ரோசாஃப்ட் கணக்கு வேணும். அமைப்புகளை அவங்க கிளவுடுல சேமிக்கச் சம்மதிச்சா காசில்ல, இல்லன்னா 30 டாலர். அப்டேட் பக்கத்துலயே பதிவு பண்ற பொத்தான் இருக்கும்.

நல்லூரான்

அக்காவின்ரை விரலுக்கும் ஒரு பதில் சொல்லவேணும். விண்டோஸ் 11இலை தமிழ்99, அஞ்சல் விசைப்பலகை ரெண்டும் கூடவே வருது. பழைய தட்டச்சு முறை வேணுமெண்டால் என்எச்எம் ரைட்டரைப் போடுங்கோ, அதுக்குள்ளை இருக்கு. நான் 11இலைதான் பாவிக்கிறன், பாமினி விசையிலை அடிச்சால் யூனிகோடா வருது. நீங்கள் விரலை மாத்தத் தேவையில்லை.

லலிதா_ஜாப்டைப்பிங்

ரெண்டு வாரம் கழிச்சு வர்றேன், கோவிச்சுக்காதீங்க. தை மாசம், முகூர்த்த நாள்ல டோக்கன் நிறைய விடறாங்க, மூச்சு விட நேரமில்ல.

பையன் பொங்கலுக்கு வந்தப்ப பழசை குளோன் போட்டாச்சு. பழைய டிஸ்க்ல எட்டு இடம் கெட்டுப்போயிருந்துதாம். நல்லவேளை, அதுல இருந்த ஃபைல் ரெண்டும் 2009 காதுகுத்துப் பத்திரிகை. அந்தப் பிள்ளைக்கே இப்ப கல்யாண வயசு கிட்ட வந்திருக்கும். பழசுல நெட் வயர் பிடுங்கியாச்சு, செவப்பு ரிப்பனும் கட்டியாச்சு.

புதுசுல பயாஸ்ல போய்ப் பாத்தோம், அந்த பிடிடி அணைஞ்சுதான் இருந்துச்சு. ஒரு பொத்தானுக்காக 38,000 சொன்ன மனுஷனை நேத்து டீக்கடையில பாத்தேன், ஒண்ணும் கேக்கல. 11 இப்ப ஏத்தல. ஒரு வருஷ அப்டேட்டுக்குப் பதிவு பண்ணிட்டோம். ஆடியில கிரயமும் வராது, கல்யாணமும் வராது, அப்ப ஏத்தறதா முடிவு. ஏத்தின பிறகு பத்து நாளைக்குள்ள வேணாம்னா 10க்கே திரும்பலாம்னு பையன் சொன்னான். அந்தப் பத்து நாளும் ஆடிக்குள்ளயே வரணும்.

என்எச்எம் ரைட்டர் மட்டும் இப்பவே புதுசுல போட்டுட்டேன். ஒரு விடுதலைப் பத்திரம் முழுசா யூனிகோடுல அடிச்சுப் பாத்தேன். விரலுக்கு வித்தியாசமே தெரியல. "கெ" அடிக்கும்போதுதான், கொம்பை மொதல்ல தட்டற பழக்கம், அது திரையில ஒரு கணம் தனியா நின்னுட்டு அப்புறம் ஒட்டற மாதிரி இருக்கு. மிஷின்ல அப்படி இல்ல, தட்டினா தட்டினதுதான்.

பிடிஎஃப் வேலை நடக்குது. ஒரு நாளைக்கு நாப்பது ஃபைல்னு பொண்ணுக்குக் கணக்கு குடுத்திருக்கேன், பத்திரம் மொதல்ல, போஸ்டர் கடைசி. நேத்து அவ கேக்கறா, "அக்கா, எல்லாம் முடிஞ்சா தாலியைக் கழட்டிடலாமா?"ன்னு. அடிப்பேன்னு சொல்லி அனுப்பிட்டேன்.

வாசல்ல ரெண்டு பேர் கிரயத்துக்கு நிக்கறாங்க. ஆடியில ஏத்திட்டு இதே இடத்துல வந்து எழுதறேன்.