அவசர உதவி: கார்செட் முதுகில் வில்லாக வளைகிறது

மேடைத்தையல்:
சனிக்கிழமை ஒத்திகை. கதை 1885இல் லண்டனில் நடக்கிறது. நாயகிக்குக் கார்செட் (நாடாவால் இடுப்பை இறுக்கும் உள்ளாடை) தைத்தேன். நாடாவை இறுக்கியதும் முதுகின் இரு விளிம்புகளும் அடைப்புக்குறிபோல விலகி வளைகின்றன. இடுப்பில் குறுக்கே மடிப்பு விழுகிறது. நாடா கோக்கும் உலோகக் கண்ணிகளில் இரண்டு பிய்ந்துவிட்டன. எங்கே தவறு?

மீனா_தையலகம்:
என்ன துணி? எத்தனை அடுக்கு? உள்ளே விறைப்புக்கு வைத்த பட்டை எஃகா, பிளாஸ்டிக்கா? நாயகியின் இடுப்பளவு என்ன, கார்செட்டின் அளவு என்ன? இவை தெரியாமல் எப்படிச் சொல்வது?

பாவுநூல்:
வெட்டில்தான் கோளாறு. ஒரு துண்டு சாய்வாக வெட்டுப்பட்டிருந்தாலும் இழுக்க இழுக்க நீளும். ஒவ்வொரு துண்டிலும் பாவு (துணியின் நீளவாட்டு இழை) இடுப்புக்கோட்டுக்குச் செங்குத்தாக ஓடுகிறதா என்று பாருங்கள்.

பழைய_ஊசி:
ரவிக்கை தைக்கத் தெரிந்தவர்களெல்லாம் கார்செட்டில் கைவைத்தால் இப்படித்தான் ஆகும். இதே கேள்விக்கு எத்தனை முறை பதில் எழுதுவது? இந்த மன்றத்தின் பழைய உரையாடல்களைப் படித்துவிட்டு வாருங்கள்.

மேடைத்தையல்:
சாட்டின், அடியில் லைனிங். கடையில் சுருளாக விற்கும் பிளாஸ்டிக் பட்டை. இடுப்பு 71 செ.மீ., கார்செட் 61.

மீனா_தையலகம்:
பட்டையில்தான் சிக்கல். அந்த மெல்லிய பிளாஸ்டிக் உடல் சூட்டில் இளகி, இடுப்பில் மடிந்துவிடும். கண்ணி வரிசையின் இருபுறமும் தட்டை எஃகு வையுங்கள், முதுகு நேராக நிற்கும். வளைவான பக்கத் தையல்களுக்குச் சுருள் எஃகு. அது பக்கவாட்டிலும் வளைந்து கொடுக்கும். பட்டையைச் செருகும் துணிக்குழலைவிடப் பட்டை 1 செ.மீ. குட்டையாக இருக்கட்டும், இல்லாவிட்டால் முனை துணியைக் குத்திக் கிழிக்கும்.

சாட்டின் பார்வைக்கு மட்டும். இழுப்பைத் தாங்க ‘கூட்டில்’ (coutil) என்ற துணி வேண்டும், மீன்முள் நெசவில் நெருக்கமாக நெய்த பருத்தித் துணி அது. கிடைக்காவிட்டால் கனத்த டிரில் துணி. உள்ளே இடுப்புக்கோட்டில் 2.5 செ.மீ. அகல ட்வில் நாடாவை வைத்துத் தையுங்கள். 61ஐ முழுக்க மூட வேண்டாம், முதுகில் 5 செ.மீ. இடைவெளி விடுங்கள்.

கண்ணிக்குத் துளையை வெட்டாதீர்கள். குத்தூசியை நுழைத்து, இழைகளை அறுக்காமல் விலக்கிப் பெரிதாக்குங்கள். விலகிய இழைகள் கண்ணியின் கழுத்தைச் சுற்றி நெருங்கி நின்று பிடித்துக்கொள்ளும்.

கேபிள்_அண்ணன்:
எஃகு வரும்வரை காத்திருக்காதீர்கள். மின்வேலைக்கு விற்கும் அகலமான கேபிள் டை போதும். முனையைத் தீயில் காட்டி மழுக்கிவிடுங்கள். நான் மூன்று நாடகங்களுக்கு அப்படித்தான் தைத்தேன்.

மீனா_தையலகம்:
பக்கங்களுக்குச் சரி அண்ணா. கண்ணி ஓரத்துக்கு வேண்டாம்.

பழைய_ஊசி:
1885 கதைக்குக் கேபிள் டையா? அன்று போட்டது திமிங்கல எலும்பு.

கடலோரம்:
அது எலும்பே அன்று. பலீன் திமிங்கலத்தின் மேல்தாடையில் சீப்புப்போலத் தொங்கும் தகடு. நம் நகத்தில் இருக்கும் கெரட்டின்தான் அதிலும். சூடாக்கி வளைத்தால் ஆறியபின் அந்த வடிவிலேயே நிற்கும்.

பழைய_ஊசி:
பெயரே எலும்பு என்றுதானே வழங்குகிறது? எனக்குப் பாடம் வேண்டாம்.

கடலோரம்:
பெயர் வேறு, பொருள் வேறு. 1885இல் எஃகும் தாராளமாகப் புழங்கியது. திமிங்கலத் தகட்டின் விலை ஏறியதால்தான் மாற்றுகளைத் தேடினார்கள். 1883இல் மிச்சிகனைச் சேர்ந்த எட்வர்ட் வாரன் வான்கோழி இறகுத் தண்டிலிருந்து ஒரு பட்டை செய்து காப்புரிமை பெற்றார்.

பாவுநூல்:
தங்கையே, பாவைப் பார்த்தீர்களா?

மேடைத்தையல்:
பாவு சரியாகத்தான் இருக்கிறது. முதுகில் தட்டை எஃகு, பக்கங்களில் கேபிள் டை, உள்ளே ட்வில் நாடா, லைனிங்குக்குப் பதில் டிரில். நாயகி இரண்டு மணிநேரம் அணிந்து பார்த்தார், விளிம்புகள் நேராக நிற்கின்றன. இடுப்புக்கு நேரே ஒரு கண்ணி மட்டும் இன்னும் ஆடுகிறது. மீனா அக்கா, மிக்க நன்றி.

மீனா_தையலகம்:
அந்தக் கண்ணிக்குத் துணியின் அடியில் வளையம் போட்டு அடித்தீர்களா, கண்ணியின் மேல்பாகம் மட்டுமா?