பால் டீ குடித்த வயிறு வெறும் வயிறா? ஒரு சொல் வேண்டும்

கோத்தகிரியிலிருந்து:
கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம். அறுவை சிகிச்சைக்கு வருகிறவர்களிடம் கொடுக்கும் குறிப்புத்தாளைத் தமிழில் எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். மயக்க மருந்துக்கு முன் வாய்வழியாக எதுவும் கொள்ளாமல் இருப்பதற்கு ஒரு சொல் தேவை. இப்போது 'வெறும் வயிற்றோடு வாங்க' என்றுதான் சொல்கிறோம். போன வாரம் குடலிறக்கத்துக்கு வந்த பெரியவர் ஒன்றும் சாப்பிடவில்லை என்று சத்தியம் செய்தார். விசாரித்தால், பஸ் ஏறும் முன் பால் டீ. அவர் பொய் சொல்லவில்லை. இந்த மலையில் டீயை யார் சாப்பாட்டில் சேர்க்கிறார்கள்? அறுவையைத் தள்ளிவைத்தோம்.

உதகையிலிருந்து:
டாக்டரம்மா, 'அற்றநிலை' என்று வையுங்கள். 'அருந்தியது அற்றது போற்றி உணின்' என்கிறது குறள். அங்கே அற்றது என்றால் செரித்தது. அறுவைக்கும் அதே 'அறு'தான் வேர். உடலை அறுக்கும் முன் உண்டது அற வேண்டும். ஒரே வேர் இரண்டையும் தாங்குகிறது. சங்க காலத்தில் அறுவை என்றால் ஆடை. மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் துணி வணிகர். துணித்தது துணி, துண்டித்தது துண்டு, அறுத்தது அறுவை. இத்தனை பழைய சொல்லை விட்டுவிட்டு வேறு எங்கே தேடுவது?

கூடலூரிலிருந்து:
ஐயா, வேர் அழகாக இருக்கிறது. ஆனால் தேயிலை எஸ்டேட் லைன் வீடுகளில் 'அற்றநிலை' என்று படித்தால் உயிருக்கே ஏதோ ஆகப்போகிறது என்று பயந்துவிடுவார்கள். 'உண்ணாநிலை' என்றாலோ போராட்டம்தான் நினைவுக்கு வரும். அப்புறம் ஒரு சந்தேகம். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து வந்த குடும்பங்கள் இங்கே பிளேன்டீ என்பார்கள், கேரளப் பக்கத்தார் கட்டன்சாயா என்பார்கள். பால் இல்லாத அதுவும் கூடாதா?

கோத்தகிரியிலிருந்து:
கூடும். பெரியவர்களுக்குப் பொதுவான கணக்கு இது: சாப்பாடு, பால், பால் டீ என்றால் 6 மணி நேரம், தண்ணீர், பால் சேராத டீ என்றால் 2 மணி நேரம். மயக்கத்தில் தொண்டையின் காவல் தளர்ந்துவிடும். வயிற்றில் இருப்பது மேலே வந்து நுரையீரலுக்குள் இறங்கினால் உயிருக்கே ஆபத்து. ஆனால் சொல் அளவுக்கு மீறிப் பரவிவிடவும் கூடாது. சின்னக் கொழுப்புக்கட்டி எடுக்க மரத்துப்போகும் ஊசி மட்டும் போட்டால் பெரும்பாலும் பட்டினி வேண்டியதில்லை. சர்க்கரை உள்ளவர் மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு பட்டினியாக வந்தால், சர்க்கரை இறங்கி மயங்கி விழலாம்.

குன்னூரிலிருந்து:
அப்படியானால் 'வாய்க்கட்டு'? வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி என்று சொல்கிறோமே. வயிறு காலியா என்று நோயாளிக்குத் தெரியாது. வாயைக் கட்டினோமா என்பது தெரியும். '6 மணி நேர வாய்க்கட்டு' என்றால் கணக்கும் கூடவே வருகிறது.

கூடலூரிலிருந்து:
அக்கா, ஆஸ்பத்திரியில் கட்டு என்றால் புண்ணுக்குப் போடுவதுதான். வாயில் எதற்குக் கட்டு என்று கேட்பார்கள். எனக்கு 'வெறும் வயிறு' போதும்.

கோத்தகிரியிலிருந்து:
நாளை வெள்ளி. வேறு சொல் எதுவும் ஒத்துவரவில்லை, 'வெறும் வயிறு' என்பதையே போடுகிறேன். அடியில் பெரிய எழுத்தில் 'பால் டீயும் சாப்பாடுதான்'. மணிக்கணக்கு அதற்குக் கீழே. மரத்துப்போகும் ஊசி மட்டும் போட்டுக்கொள்கிற நோயாளிகளுக்குத் தனித்தாள்.

உதகையிலிருந்து:
அச்சிடுங்கள் அம்மா, தடுக்கவில்லை. ஆனால் அடியில் விளக்கம் எழுதித்தான் தீர வேண்டும் என்றால் அந்தச் சொல் இன்னும் கலைச்சொல் ஆகவில்லை. செவிலியர் பாடப்புத்தகத்துக்கு 'அற்றநிலை'யை மறுபடி கொண்டுவருவேன்.