கொரோனாக் காலத்தில் கிடங்கைப் பார்த்துக்கொண்டவரைப் பற்றி என்ன எழுதலாம்?

கேள்வி – மஞ்சக்குப்பம் வாசகர்

சுனாமிக்குப் பின் கடலூரில் தொடங்கப்பட்ட ஒரு தொண்டு நிறுவனத்தில் அன்று முதல் பணியாற்றிவரும் அக்கா ஒருவர் விரைவில் ஓய்வு பெறுகிறார். பிரிவுபசார மலரில் அவருடைய கொரோனாக் காலப் பணியைப் பற்றி எழுதும் பொறுப்பு எனக்கு வந்திருக்கிறது. அக்காலத்து நிவாரணப் படங்கள் எதிலும் அவர் இல்லை, கேட்டால், "கிடங்கிலும் போனிலும்தான் இருந்தேன், அதில் எழுத என்ன இருக்கிறது?" என்கிறார். அப்போது களத்தில் இருந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில் – முதுநகர்க்காரர்

பயனாளிகள் பட்டியலைப் பற்றிக் கேளுங்கள். 2020 ஏப்ரலில் அரிசி அட்டைதாரர்களுக்கு அரசு 1,000 ரூபாய் வழங்கியபோது, அட்டையே இல்லாத இருளர் குடும்பங்களும் ஊர் திரும்ப முடியாத வெளிமாநிலத் தொழிலாளர்களும் அதற்குள் வரவில்லை. அவர்கள் எங்கெங்கே இருக்கிறார்கள் என்பது, சுனாமி, 2011 தானே புயல், 2015 வெள்ளம் என ஒவ்வொரு முறையும் வீடு வீடாகக் கணக்கெடுத்தவர்களுக்குத்தான் தெரிந்திருந்தது. எங்கள் குழுவில் இவ்வேலையைப் பார்த்த அண்ணன், ஒரே குடும்பம் இரண்டு பட்டியல்களில் வருவதைப் போன் எண்ணை வைத்துக் கண்டுபிடிக்க மாட்டார். ஒரு தெருவுக்கே ஓர் எண்தான் கொடுக்கப்பட்டிருக்கும் என்பதால், தகப்பனார் பெயரையும் படகுக்காரர் பெயரையும் சேர்த்துப் பார்ப்பார். மே மாதம் கோயம்பேட்டிலிருந்து திரும்பிய தொழிலாளர்களிடையே தொற்று கண்டறியப்பட்டுத் தெருக்கள் அடைக்கப்பட்டதும், பட்டியலை மறுபடியும் முதலிலிருந்து போட வேண்டியதாயிற்று. நவம்பர் 25 இரவு நிவர் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோதோ, முகாமில் இடைவெளி விட்டுப் படுக்கவைக்க வேண்டியிருந்ததால், அதே எண்ணிக்கையிலான மக்களுக்குக் கூடுதல் அறைகள் தேவைப்பட்டன. எந்தப் பள்ளியின் சாவி யாரிடம் இருக்கிறது என்று தெரிந்தவரின் மதிப்பு அன்றுதான் எங்களுக்குப் புரிந்தது.

பதில் – புதுச்சேரி, கணக்குப் பிரிவு

அந்நிறுவனம் வெளிநாட்டு நன்கொடை பெறுவதாக இருந்தால் இதையும் விசாரியுங்கள். 2020 செப்டம்பரில் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் திருத்தப்பட்டு, அப்பணத்தை மற்றொரு நிறுவனத்துக்கு மாற்றித் தருவது தடை செய்யப்பட்டது. நிர்வாகச் செலவின் உச்சவரம்பு 50 விழுக்காட்டிலிருந்து 20 ஆகக் குறைந்தது. டெல்லியிலுள்ள பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் கணக்குத் தொடங்குவதும் கட்டாயமாயிற்று. நோய் பரவிக்கொண்டிருந்த மாதங்களில் இத்தனை காகித வேலையையும் யாரோ முடித்ததால்தான் அரிசி மூட்டைக்குப் பணம் வந்தது. (அந்த யாரோ ஒருவரின் சம்பளமும் பெரும்பாலும் நிர்வாகச் செலவுக் கணக்கில்தான் சேரும்.)

பதில் – திருப்பாதிரிப்புலியூர் செவிலியர்

2021 மே மாதத்தில், இரண்டாம் அலையின்போது, ஆக்சிஜன் கேட்டு அவருக்கு வந்த தொலைபேசி அழைப்புகளை விட்டுவிடாதீர்கள். காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்து நிமிடத்துக்கு 5 லிட்டர் தரும் செறிவூட்டி இயந்திரம், அதற்கு மேல் தேவைப்படும் நோயாளிக்குப் போதாது. கையில் இயந்திரம் இருந்தும், அதைக் கேட்டுக் கெஞ்சும் குடும்பத்திடம், "இது வேண்டாம், உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்" என்று சொல்ல வேண்டியிருந்தது. திரும்பி வரும் இயந்திரத்தின் வடிகட்டியைக் கழுவி, ஈரப்பதக் குடுவைக்குக் காய்ச்சி வடித்த நீர் வாங்கிவைத்து, அடுத்த வீட்டில் மின்தடை வந்தால் மாற்று ஏற்பாடு உண்டா என்று கேட்டுவிட்டு அனுப்பியதும் அவரைப் போன்றவர்கள்தாம். கிடங்கின் பொருள் வழங்கல் பதிவேட்டை அவர் முன்னால் வைத்து, பக்கம் பக்கமாகக் கேளுங்கள். பொதுவாகக் கேட்டால் "ஒன்றுமில்லை" என்றுதான் சொல்வார்.