புதுப்பிப்பு: ஏ பிளஸ் முதல் தாள் பாஸ், வேலை இன்னும் இல்லை

வகுப்புக்குப் போகாமல் நானாகவே படித்து காம்ப்டியா ஏ பிளஸ் (கம்ப்யூட்டர் சப்போர்ட் வேலைக்கான அடிப்படைச் சான்றிதழ்த் தேர்வு) எழுதி, டெக் சப்போர்ட் வேலைக்குள் நுழைய முடியுமா என்று முன்பு கேட்டிருந்தேன். அதன் இரண்டு தாள்களில் முதலாவதான கோர் 1 முடித்துவிட்டேன். 900-க்கு 675 வேண்டும், எனக்கு 712. பீற்றிக்கொள்ளும் மார்க் இல்லை, இருந்தாலும் பாஸ் பாஸ்தான்.

"சும்மா உருப்போடாதீர்கள், கையை வைத்துப் பாருங்கள்" என்று சொன்னவருக்கு நன்றி. ஒரு நாள் நெட் வரவில்லை. கம்ப்யூட்டரின் நெட்வொர்க் முகவரியைக் காட்டும் ஐபிகான்ஃபிக் கட்டளையை அடித்தால் 169.254 என்று தொடங்கும் முகவரி. முகவரி வழங்கும் டிஹெச்சிபியிடமிருந்து எதுவும் கிடைக்காதபோது விண்டோஸ் தானே போட்டுக்கொள்வது அது. தேடினால், கம்ப்யூட்டர்களை இணைக்கும் நெட்வொர்க் ஸ்விட்சிலிருந்து ரவுட்டருக்குப் போகும் கேபிள் கழன்று கிடக்கிறது! நான்கு முறை படித்தும் மண்டையில் ஏறாதது அன்றைக்கு ஏறிவிட்டது.

தேர்வில் செய்முறைக் கேள்விகள் முதலிலேயே வந்து நின்றன. ஒன்றிலேயே கால் மணி நேரம் போச்சு. மொத்தமே 90 நிமிடம், 90 கேள்விகள் வரை வரும். எழுதப் போகிறவர்கள் செய்முறைக் கேள்விகளை ஃப்ளாக் செய்து, அதாவது குறித்து வைத்துவிட்டு, கடைசியில் பாருங்கள்.

அப்புறம் ஒரு இன்டர்வியூ. "கம்ப்யூட்டர் ஸ்லோ என்று ஒருவர் கூப்பிட்டால்?" என்றார்கள். நான் நேராக ரேமுக்குத் தாவினேன். எப்போதிருந்து, சமீபத்தில் என்ன மாற்றினீர்கள் என்று முதலில் கேட்டிருக்க வேண்டும். பாடத்தில் முதல் படியே அதுதான், அசடு வழிந்தேன்.

இப்போது கோர் 2. அதற்கு 700 வேண்டும்.