ரயில் பயணக் கணக்கு: 5ஆம் வகுப்புக்குக் கேள்விகள் வேண்டும்

தருமபுரி, கிருஷ்ணகிரி ஆசிரியர்களுக்கு வணக்கம். ரயில் பயணத்தை வைத்து ஒரு கணக்குத் தாள் தயாராகிறது. உங்கள் உதவி வேண்டும்.

பிள்ளைகள் அதிகம் இடறுவது நேரத்தில்தான். 22:50க்கு ஏறி மறுநாள் 5:20க்கு இறங்கினால் 6 மணி 30 நிமிடம். ஆனால் 24.00இல் 22.50 போக 1.50, அதோடு 5.20 சேர்த்து 6.70 என்று போட்டு, 7 மணி 10 நிமிடம் என்கிறார்கள். கடன் வாங்கும்போது 60க்குப் பதில் 100 வாங்கியதால் வந்த 40 நிமிடம் அது. எண்கோட்டில் 23:00, 24:00 என்று தாண்டவைத்தால் சரியாகிறது. இதைவிட எளிய வழி உண்டா?

ஸ்லீப்பர் படுக்கை எண்ணை 8ஆல் வகுத்து மீதி பார்ப்பது நன்றாக எடுபடும். 1, 4 கீழ். 2, 5 நடு. 3, 6 மேல். 7 பக்கவாட்டுக் கீழ். 0 பக்கவாட்டு மேல். (மீதி 0 என்றால் படுக்கையே கிடையாதா என்று ஒரு வாண்டு கட்டாயம் கேட்கும்.)

முன்பதிவு 60 நாள், பயண நாள் சேராது. மே 10 பயணத்துக்கு மார்ச் 11. மார்ச்சுக்கு 31 நாள் என்பதை மறந்தால் 10 என்று வரும்.

அரை டிக்கெட் கணக்குகள்தான் குறைவு: 5 வயது முதல் 12க்குள், தனிப் படுக்கை கேட்டால் முழுக் கட்டணம். கிருஷ்ணகிரி நகரில் ரயில் நிலையம் இல்லை; அங்குள்ளவர்கள் தருமபுரி வரும் பஸ் நேரத்தையும் சேர்த்துக் கேள்வி எழுதித் தாருங்கள்.