புதுப்பிப்பு: கேபிளை நிறுத்தியாச்சு, அம்மாவின் சீரியல் நிற்கவில்லை

வேளச்சேரி வீட்டில் கேபிளை நிறுத்திவிட்டு ஆன்டெனா, ஓடிடி (இணையம் வழியாக டிவி பார்க்கும் ஆப்கள்) என்று மாறலாமா என்று போன மாதம் இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

டிடி ஃப்ரீ டிஷ் (தூர்தர்ஷனின் இலவச டிஷ் டிவி சேவை) போடச் சொன்ன தாம்பரம் நண்பரின் யோசனைதான் கை கொடுத்தது. டிஷ், பாக்ஸ், ஆள் கூலி எல்லாம் சேர்த்து 1,900 ரூபாய். மாதச் சந்தா கிடையாது. முதல் நாள் சிக்னலே வரவில்லை. இதற்கு சிக்னல் அனுப்பும் ஜிசாட்-15 செயற்கைக்கோள் சென்னையிலிருந்து பார்த்தால் தென்கிழக்கில், ஏறக்குறைய 68 டிகிரி உயரத்தில் இருக்கிறது. எங்கள் மாடித் தண்ணீர் டேங்க் சரியாகக் குறுக்கே நின்றது. டிஷ்ஷை நாலடி தள்ளி மாட்டியதும் படம் பளிச்சென்று வந்தது. பலத்த மழையில் மட்டும் கொஞ்ச நேரம் போய்விடுகிறது.

ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: அதில் பெரும்பாலும் இந்தி சேனல்கள்தான். டிடி தமிழ் வருகிறது, சன் டிவி வராது. அதனால் அம்மாவுக்காக சன் டிவியின் ஓடிடி ஆப்பான சன் நெக்ஸ்ட் சந்தா எடுத்தேன். செய்திக்கு யூடியூப் நேரலையே போதும், இலவசம்.

எதிர்பாராதது வைஃபை. அம்மாவின் அறையில் ராத்திரி சீரியல் நேரத்தில் படம் நின்று லோடிங் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. மோடத்திலிருந்து டிவிக்கு நேராக லேன் வயர் இழுத்த பிறகு ஒரு தடவைகூட நிற்கவில்லை. அப்புறம், ஓடிடி நேரலை கொஞ்சம் தாமதமாகத்தான் வரும். கிரிக்கெட்டில் விக்கெட் விழுந்தால் பக்கத்து வீட்டுக் கூச்சல் முதலில் கேட்கிறது.

அம்மா இப்போது ரிமோட்டில் தமிழிலேயே பேசித் தேடுகிறார். கேபிள் பாக்ஸை நேற்று திருப்பிக் கொடுத்துவிட்டேன்.