கிளீனர் ராஸ் என்று நான்கு வருடம் நம்பியது வேறு மீன். உங்களுக்கும் இப்படி நடந்ததா?

முதல் பதிவு, சென்னையிலிருந்து

மாலத்தீவில் பத்து மீட்டர் ஆழத்தில் எடுத்த ஒரு படம் என்னிடம் இருக்கிறது. விரல் நீள மீன். வெளிர் நீல உடம்பு, மூக்கிலிருந்து வால் வரை ஒரு கறுப்புக் கோடு, வால் பக்கம் போகப்போகக் கோடு அகலமாகிறது. ‘கிளீனர் ராஸ், லாப்ராய்டிஸ் டிமிடியாட்டஸ்’ என்று எழுதி வைத்துவிட்டேன். அந்தக் கடலில் இந்த மீனைப் பார்க்காமல் ஒரு டைவை முடிப்பதே கஷ்டம். அதனால் சந்தேகமே வரவில்லை.

போன மாதம் பழைய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அதன் வாய் கண்ணில் பட்டது. கிளீனர் ராஸுக்கு வாய் முகத்தின் நுனியில் இருக்கும், உதடும் தடிப்பாக இருக்கும். என் படத்தில் மூக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்க, வாய் அதற்கு அடியில் உள்ளே தள்ளி இருந்தது, ஒரு குட்டிச் சுறாவின் முகம்போல. அடுத்து முதுகுத் துடுப்பைப் பார்த்தேன். தலை முடிகிற இடத்திலேயே தொடங்கி, வால் அருகே வரை ஒரே நாடாவாக ஓடுகிறது. ராஸுக்கு இவ்வளவு முன்னால் தொடங்காது, இவ்வளவு நீளமும் கிடையாது.

நான் எடுத்தது போலி கிளீனர், ஆஸ்பிடோன்டஸ் டேனியாட்டஸ். இந்துமாக்கடலில் இருப்பதை ஆஸ்பிடோன்டஸ் டிராக்டஸ் என்று தனி இனமாகப் பிரிப்பவர்களும் உண்டு. எப்படிப் பிரித்தாலும் இது ராஸ் குடும்பமே இல்லை, பிளென்னி குடும்பம். ராஸின் உடம்பில் செதில் உண்டு, இதற்குச் செதிலே கிடையாது. உறவே இல்லாத இரண்டு மீன்கள் ஒரே அளவில், ஒரே கோட்டோடு, ஒரே பாறையில் இருக்கின்றன. படத்தை மூடிவிட்டு எழுந்து போய்க் கொஞ்ச நேரம் நடந்தேன், அவ்வளவு ஆச்சரியம்.

தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. கிளீனர் ராஸ் பாறையில் ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டு கடை விரிக்கும். களவா, அஞ்சாலை, கிளிமீன் எல்லாம் அங்கே வந்து அசையாமல் நிற்கும், சில வாயை அகலத் திறந்துகொண்டு. இது உள்ளே புகுந்து, செவுளிலும் தோலிலும் ஒட்டியிருக்கிற ஒட்டுண்ணிகளைப் பொறுக்கித் தின்னும். அந்த நம்பிக்கையைத்தான் போலி பயன்படுத்திக்கொள்கிறது. ராஸ் போலவே மேலும் கீழுமாக ஆடி வரும், நெருங்கியதும் துடுப்பில் ஒரு கடி கடித்துவிட்டு ஓடும். 1957–58-ல் மாலத்தீவுப் பக்கம் போன ஆய்வுப் பயணத்தில் இருந்த ஐபல்-ஐபஸ்ஃபெல்ட் என்ற ஆஸ்திரிய விலங்கியலாளர் 1959-ல் இதைப் பற்றி விரிவாக எழுதினார்.

பெயர் வைத்த வரிசைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. போலிக்கு க்வா, கேமார்டு என்ற இரண்டு பிரெஞ்சு விலங்கியலாளர்கள் 1834-ல் பெயர் வைத்துவிட்டார்கள். அசலுக்கு வாலென்சியென் என்ற இன்னொரு பிரெஞ்சு விலங்கியலாளர் பெயர் வைத்தது 1839-ல். அறிவியல் ஏட்டில் நகல்தான் முதலில் ஏறியிருக்கிறது!

அன்று படம் எடுத்த நொடியில், பக்கத்தில் நின்ற மீன் ஒன்று சுரீரென்று உதறியது இப்போது நினைவுக்கு வருகிறது. அப்போதே கண்டுபிடித்திருக்க வேண்டும். உங்களுக்கு இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள்.

திருகோணமலையிலிருந்து

வணக்கம் அண்ணா. படம் நல்ல வடிவாக விளங்குகிறது, வாயைப் பார்த்தால் ராஸ் இல்லை என்பது உறுதி. ஆனால் அந்த உதறலை மட்டும் ஆதாரமாக எடுக்காதீர்கள். அசல் கிளீனர் கடித்தாலும் மற்ற மீன் அப்படித்தான் உதறும். ராஸுக்கு ஒட்டுண்ணியை விட மீனின் தோலில் இருக்கிற சளிதான் கூட விருப்பம், வாய்ப்புக் கிடைத்தால் சளியையும் கடித்துவிடும். ஆய்வாளர்கள் அந்த உதறலை எண்ணித்தான், ராஸ் எத்தனை முறை ஏமாற்றுகிறது என்றே கணக்கிடுகிறார்கள்.

என்னுடைய கதை இதற்கு நேர் எதிர். நிலாவெளிக்கு எதிரே புறாமலையில் முகமூடி போட்டு நீந்தும்போது ஒரு சின்ன மீனைக் கண்டேன். முழுக்கக் கறுப்பு, முதுகுப் பக்கமாக ஒரே ஒரு நீலக் கோடு, மின்விளக்குப் போல. அளவு ஒரு தீக்குச்சி இருக்கும். இதுவரைக்கும் காணாத இனம் என்று நினைத்து வீட்டில் எல்லோருக்கும் காட்டினேன். இரண்டு கிழமை தேடின பிறகுதான் தெரிந்தது, அது கிளீனர் ராஸின் குஞ்சு. வளர வளர உடம்பு வெளுத்து, கறுப்பு ஒரு கோடாகச் சுருங்கிவிடும். நீங்கள் இரண்டு இனத்தை ஒன்று என்று நினைத்தீர்கள், நான் ஒரே இனத்தை இரண்டு என்று நினைத்தேன்.

இன்னொன்றும் இருக்கிறது. பிளாஜியோட்ரெமஸ் ரைனோரிங்கஸ் என்ற இன்னொரு பிளென்னி, அந்தக் குஞ்சின் நிறத்தைப் போட்டுக்கொள்ளும். கிளீனர் பக்கத்தில் இல்லாவிட்டால் நிறத்தை மாற்றியும் விடும். ஆகவே கறுப்பு நீலம் கண்டாலும் குஞ்சு என்று உடனே எழுதக்கூடாது. அதற்கும் வாய் கீழேதான், கீழ்த்தாடையில் இரண்டு நீண்ட கோரைப்பற்கள் ஒளிந்திருக்கும்.

தூத்துக்குடியிலிருந்து

நான் கடலில் இறங்கிப் பார்த்தவன் இல்லை, தொட்டியில் வளர்த்தவன். அதனால் இதை வருத்தத்தோடுதான் எழுதுகிறேன்.

ஒரு கடையில் ‘கிளீனர்’ என்று சொல்லி ஒரு ஜோடி கொடுத்தார்கள். இரண்டும் அசல்தான், இன்று படத்தைப் பார்த்துச் சரிபார்த்துவிட்டேன். ஒன்று மூன்று வாரம் இருந்தது, மற்றொன்று ஐந்து வாரம். தண்ணீரில் குறை என்று நினைத்து உப்பு அளவைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். பட்டினியில்தான் போனது என்று அப்புறம் புரிந்தது. ஆஸ்திரேலியாவின் லிசர்டு தீவில் அலெக்ஸாண்ட்ரா கிரட்டர் எண்ணிப் பார்த்து 1996-ல் எழுதியது இது: ஒரு கிளீனர் ராஸ் ஒரு நாளைக்குச் சராசரியாக 1,218 ஒட்டுண்ணிகளைத் தின்கிறது. என் தொட்டியில் மொத்தமே ஆறு மீன்கள். எங்கிருந்து வரும்?

ஜோடி என்று சொல்லித் தந்ததிலும் எனக்கு இப்போது சந்தேகம். இந்த இனத்தில் எல்லாமே முதலில் பெண்ணாக வளரும். ஓர் ஆண், அதன் எல்லைக்குள் சில பெண்கள் என்று கூட்டமாக இருக்கும். ஆண் செத்துப்போனால் பெரிய பெண் சில மணி நேரத்திலேயே ஆணைப்போல நடக்கத் தொடங்கிவிடும், இரண்டு மூன்று வாரத்துக்குள் நிஜமாகவே ஆணாகிவிடும். இது ஆஸ்திரேலியாவின் ஹெரான் தீவில் பார்த்து ராபர்ட்சன் என்ற ஆய்வாளர் 1972-ல் வெளியிட்டது. நிறமும் கோடும் இரண்டுக்கும் ஒன்றுபோலத்தான். கண்ணாடிக்கு வெளியே நின்று ஆண், பெண் என்று எப்படிப் பிரிப்பது?

தயவுசெய்து யாரும் இந்த மீனை வாங்காதீர்கள்.

சிங்கப்பூரிலிருந்து

படத்தில் வாய் தெரியாதபடி திரும்பி நின்றால் என்ன செய்வீர்கள்? என்னிடம் அப்படி நிறைய இருக்கின்றன.

திருகோணமலையிலிருந்து

காணொளி இருந்தால் அதைப் பாருங்கள். ராஸ் மார்புத் துடுப்பால் துடுப்பு வலிப்பதுபோல நீந்தும், வால் பெரும்பாலும் சும்மா இழுபடும். பிளென்னி அந்த ஆட்டத்தையும் பழகி வைத்திருக்கிறது, ஆனால் பயந்துவிட்டால் வேஷம் கலையும். குழாய்ப்புழு விட்டுப்போன ஓட்டைக்குள் வாலை முதலில் விட்டு, பின்பக்கமாக நுழைந்து, தலையை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ராஸ் அப்படிச் செய்து நான் ஒருநாளும் கண்டதில்லை.

இன்னொரு குறிப்பு: மூன்று நான்கு ‘கிளீனர்கள்’ சேர்ந்து ஒரு டாம்செல் மீனின் முட்டைகளைக் கொள்ளையடித்தால், அவை பிளென்னிகள்தான். துடுப்பைக் கடிப்பது பெரும்பாலும் சின்னதுகளின் வேலை. வளர்ந்ததுகள் முட்டை, குழாய்ப்புழு என்றுதான் கூடத் தின்னும் என்று ஒக்கினாவாவில் பார்த்தவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

சென்னையிலிருந்து, மீண்டும்

தம்பி, உதறல் விஷயத்தைத் திருத்தியதற்கு நன்றி. அதை நான் பெரிய ஆதாரம் என்று நினைத்திருந்தேன். தூத்துக்குடி நண்பர் எழுதியதைப் படித்துவிட்டு நேற்று ராத்திரி வெகுநேரம் தூக்கம் வரவில்லை.

அதே ராத்திரி ‘கிளீனர் ராஸ்’ என்று பெயரிட்ட 63 படங்களையும் ஒவ்வொன்றாகத் திறந்தேன். முதலில் வாய், பிறகு முதுகுத் துடுப்பு தொடங்குகிற இடம், கடைசியாகத்தான் நிறம். இந்த வரிசையில் பார்த்தால் வேகமாகப் போகிறது. நிறத்தில் தொடங்கினால் கண் உடனே முடிவு கட்டிவிடுகிறது, அதன் பிறகு வாயைப் பார்த்தாலும் அது ராஸின் வாயாகவே தெரிகிறது. இது என் அனுபவம். உங்களுக்கு வேறு வரிசை சரிப்பட்டால் சொல்லுங்கள்.

பழைய படத்தோடு இன்னொரு போலியும் கிடைத்தது, அதே பாறையில், அதே நாளில் எடுத்தது. ஒருவேளை அதே மீனாகவும் இருக்கலாம். மற்றவற்றில் 60 படங்கள் அசல்.

மிச்சம் ஒன்று. மீன் கேமராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு களவாவின் செவுளுக்குப் பின்னால் பாதி மறைந்து நிற்கிறது. வாயும் தெரியவில்லை, துடுப்பின் தொடக்கமும் தெரியவில்லை. அதற்குக் கீழே இருந்த பெயரை அழித்துவிட்டு ‘லாப்ராய்டிஸ் அல்லது ஆஸ்பிடோன்டஸ்’ என்று எழுதி வைத்திருக்கிறேன்.